இடையில் ஒரு சிறு கோடு

எபேனில் ஏழாவது மாடி.
ஜன்னலுக்குக் கீழே கரும்பு வெட்டிய நிலத்தைத்
துண்டு போட்டு விற்கிறார்கள்:
சுண்ணாம்புக் கோடு, முளைக்குச்சி, சிவப்புக் கொடி.
நான் கணக்கெழுதுவது
முளைக்குச்சி அடிக்க முடியாத மனைகளுக்கு.

முதலாளி வலய்தோன் வசம்
மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு இணையப் பெயர்கள்.
எதிலும் கடை இல்லை, கதவு இல்லை.
யாராவது வந்தால்
'இப்பெயர் விற்பனைக்கு' என்று ஒற்றை வரி,
அதன் கீழே யார் யாருடையதோ ஓட்டல் விளம்பரம்.
வெள்ளிதோறும்
புதிதாய்ப் பதிவான கம்பெனிகளின் பட்டியலோடு உட்காருவார்,
வெண்டைக்காய் நுனி ஒடிப்பவர் போல
ஒவ்வொரு பெயராய் ஒடித்துப் பார்ப்பார்.
"பேருக்கு வால் முளைத்தால் பேரம்" என்பார்.
அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சிலேடை அது ஒன்றுதான்.

ஒரு பெயரை வைத்திருக்க ஆண்டுக்குப் பதினோரு டாலர்.
போன வருஷம் விற்றவை பதினேழு.
அந்தப் பதினேழுதான் மீதி அத்தனைக்கும் சோறு போடுகிறது.
கட்டிய டாலர் கடல் தாண்டிவிடும்;
இங்கே தங்குவது
அலுவலக வாடகை, என் சம்பளம்,
மதியம் வண்டியில் வாங்கும் இரண்டு தால்பூரி.

பிப்ரவரியில் ஒரு விசாரிப்பு வந்தது.
செல்வென் மாரிமூத்து, மாயேபூர்.
என் தங்கை வீட்டுக்காரர்.
நாலு அறை, ஒரு மாமரம், களப்பு தெரியும் மொட்டைமாடி.
முந்தைய ஜூனில் 'அலைவாசல்' என்று அவர் பலகை மாட்டிய வாரமே
நாங்கள் அதை வாங்கியிருந்தோம்.
பணிவாக, ஐயா போட்டு, விலை கேட்டிருந்தார்.
வழக்கமான பதிலை வழக்கம்போல் நானே தட்டினேன்:
நாலாயிரத்து இருநூறு டாலர்.
கடிதத்தின் அடியில் என் பெயர் வராது.
அது ஒரு வசதி.

அவர் ஒரு சிறு கோட்டை வாங்கிக்கொண்டார்.
அலை, கோடு, வாசல்.
அழைக்கிறவர்களிடமெல்லாம்
பிரெஞ்சில் ஒரு தரம், கிரியோலில் ஒரு தரம்:
நடுவில் கோடு, மறந்துவிடாதீர்கள்.
மறந்தார்கள்.
மறந்தவர்கள் எங்கள் காலி மனைக்கு வந்து
விளம்பரத்தைத் தட்டி
வடக்கே பெரிய ஓட்டலுக்குப் போனார்கள்.
தட்டலுக்கு எங்களுக்கு ஒன்பது சென்ட்.
மே மாதக் கணக்கில் அலைவாசல்: நாலு டாலர் பதினாலு சென்ட்.
நாற்பத்தாறு பேர் வழி தவறியிருக்கிறார்கள்.
அதே மாதம், துணி வெளுக்கும் ஜோஸ்லினிடம்
இனி செவ்வாய் மட்டும் வந்தால் போதும் என்றாராம் செல்வென்.
ஒன்பது சென்ட் ஒரு பக்கம்,
ஜோஸ்லினின் வியாழக்கிழமை ஒரு பக்கம்.
இரண்டையும் எழுத
என் பேரேட்டில் கட்டம் இல்லை.

ஜூன் கடைசியில் புதுப்பிக்கும் பட்டியல் வந்தபோது
ஒரு வரிசையில் மட்டும் டிக் போடவில்லை.
கை தவறியது என்று வைத்துக்கொள்ளலாம்.
எழுபத்தைந்து நாளில் பெயர் அவிழும்.
செல்வெனிடம் தேதி சொன்னேன், நேரம் சொன்னேன்.
உனக்கு எப்படித் தெரியும் என்று
அவர் கேட்கவில்லை.

செப்டம்பர், ஒரு வியாழன், இரவு பத்து மணி.
அவர் மாயேபூரில், வங்கி அட்டையைக் கையில் பிடித்தபடி.
நான் ரோஸ் ஹில்லில், போர்வைக்குள், போனைக் காதில் வைத்தபடி.
அழுத்தினார்.
மறுபடி அழுத்தும் சத்தம் கேட்டது.
அதற்குள்
எங்கோ தூங்காத ஓர் இயந்திரம்
ஊர் பேர் தெரியாத ஒருவனுக்காக
அந்தப் பேரைக் கவ்விக்கொண்டு போயிருந்தது.
காலையில் விலை போட்டிருந்தார்கள்: ஒன்பதாயிரம்.

வலய்தோன் கண்டுபிடித்தார். திட்டவில்லை.
"ஒன்பதாயிரமா?" என்றார்.
நாம்தான் மலிவாய் விற்கிறோம் போலிருக்கிறது,
எல்லா விலையையும் இரட்டிப்பாக்கு.
ஆக்கினேன்.
மூவாயிரத்து நானூற்றுப் பதினோரு வரிசை,
சாயங்காலம் ஆகிவிட்டது.

மாயேபூரில் பலகை எழுதுகிறவர் வந்து
அலைக்கும் வாசலுக்கும் நடுவே
கைநீளத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனாராம்.
அறுநூறு ரூபாய்.
இந்த விவகாரத்தில் உள்ளூரில் காசு பார்த்தவர்
அவர் ஒருவர்தான் என்று எழுதப் போனேன்.
அதற்குள் முப்பதாம் தேதி.
என் சம்பளம் வந்துவிட்டது.